அமெரிக்கப் பாடசாலை வட்டாரங்களும் எட்ஜ்வுட் வழக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பிலே கல்வி என்னுஞ் சொல் ஓரிடத்தேனும் காணப்படவில்லை. போரும் உடன்படிக்கையும், நாணயமும் தபாலும் இன்னார் பொறுப்பென வரையறுத்துக் கூறிய அச்சாசனம், குழந்தைகட்கு எழுத்தறிவிப்பார் யார் என்பதைக் குறித்து வாய் திறவாது விட்டது. மத்திய அரசாங்கத்துக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்கட்கும் மக்கட்கும் உரியன என்று பத்தாந் திருத்தம் விதித்தமையாற் கல்வி மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மாநிலங்களோ அப்பொறுப்பைத் தம் கையில் முழுவதும் வைத்துக்கொள்ளாது பெரும்பாலும் ஊரவரிடமே விட்டுவிட்டன. இவ்வாறு ஊரவர் கைக்கு வந்த கல்வியாட்சியின் உருவமே 'பாடசாலை வட்டாரம்' எனப்படுவது.

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் முகாமைக்கு மாறிய பின்னர், கொழும்பிலிருந்து வருஞ் சுற்றுநிருபத்தையும் திறைசேரியிலிருந்து வருஞ் சம்பளத்தையுமே கண்டு பழகிய இலங்கை வாசகர்க்கு இவ்வமைப்புப் புதுமையாகத் தோன்றும். பாடசாலை வட்டாரம் என்பது கல்வித் திணைக்களத்தின் ஒரு கிளையன்று. அது நகரசபையைப் போலவும் கிராமசபையைப் போலவும் தனித்து நிற்கும் ஓர் ஆட்சிமன்றம். அதன் எல்லை நகரத்தின் எல்லையோடு ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு நகரத்துள்ளேயே பல வட்டாரங்கள் இருத்தலுமுண்டு. அவ்வெல்லைக்குள் வாழும் வாக்காளர் தம்முட் சிலரைப் பாடசாலைச் சபைக்குத் தெரிந்தெடுப்பர். சபையினர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர். வணிகரும் இல்லத்தரசிகளும் இளைப்பாறிய ஆசிரியருமாகிய பொதுமக்கள். அவர்கள் கல்வியறிஞர் ஒருவரை அத்தியட்சராக நியமித்து, ஆசிரியர் நியமனம், பாடசாலைகளின் அமைவிடம், ஆண்டுச் செலவு மதிப்பீடு ஆகியவற்றை அவர் வாயிலாக நடத்துவர். வரிவீதத்தை விதிப்போரும் இச்சபையினரே. புதிய கட்டடங்களுக்கெனப் பெருங்கடன் வாங்க வேண்டின், மாநிலங்கள் பலவற்றில் அதற்கு ஊராரின் வாக்கைப் பெறல் வேண்டும்.

இவ்வமைப்பின் வேர் மசச்சூசெற்ஸிலே உள்ளது. 1647ஆம் ஆண்டில் அக்குடியேற்ற நாட்டின் மன்றம், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதவும் வாசிக்கவுங் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தல் வேண்டுமெனவும், நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலத்தீன் இலக்கணப் பாடசாலை ஒன்றையும் நிறுவுதல் வேண்டுமெனவுஞ் சட்டமியற்றியது. கட்டளை மன்றத்தினது, செலவு ஊரவரது. இவ்விரண்டும் அன்று பிரிந்தவை பிரிந்தவையாகவே இருந்துவிட்டன. மக்கள் காடு திருத்திப் பரந்து குடியேறியபோது ஒவ்வொரு சிற்றூரும் தன் பிள்ளைகட்குத் தன் கைக்கெட்டிய தூரத்தில் ஓரறைப் பாடசாலையொன்றை விரும்பியது. 1789ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிறு வட்டாரங்களை ஏற்றுக்கொண்டது. 1837இல் அம்மாநிலத்துக் கல்விச் சபையின் செயலாளராகப் பதவியேற்ற ஹொறஸ் மான், பன்னிரண்டு ஆண்டுகள் பாடசாலை பாடசாலையாகச் சுற்றிப் பார்த்து ஆண்டறிக்கைகள் எழுதினார். பொதுப்பாடசாலை இயக்கத்தின் தந்தையென இன்று அவரைப் போற்றுவர். எனினும், ஒவ்வொரு சிற்றூரும் தன் விருப்பப்படி மலிவான ஆசிரியரைத் தேடிக்கொள்ளும் வட்டாரமுறையை அவர் கடுமையாகக் கண்டித்தாரென்பது பலராலும் மறக்கப்பட்ட செய்தியாகும். மசச்சூசெற்ஸ் 1882இல் அச்சிறு வட்டாரங்களை ஒழித்துப் பாடசாலைகளை ஊர்களின் பொறுப்பில் விட்டது. ஆயினும் வட்டாரமென்னுங் கருத்து மேற்கே சென்றுவிட்டது. சென்ற இடமெல்லாம் வேரூன்றியும் விட்டது.

1932ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறக்குறைய 127,000 பாடசாலை வட்டாரங்கள் இருந்தன. மோட்டார் வாகனமும் நல்ல தெருக்களும் வந்தபின் ஓரறைப் பாடசாலைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை 13,000 அளவின. எண்ணிக்கை பத்திலொன்றாய்க் குறைந்தும் அடிப்படை மாறவில்லை. 1920ஆம் ஆண்டளவிற் பொதுப்பாடசாலைச் செலவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கை ஊர்களே இறுத்தன. இன்று ஊரும் மாநிலமும் ஏறக்குறையச் சமபங்கு இறுக்க, மத்திய அரசாங்கம் பத்திலொன்றளவு தருகின்றது.

ஊர்தரும் பங்கு எங்கிருந்து வருகின்றது என்பதே இவ்வமைப்பின் மருமம். அது பெரும்பாலும் ஆதனவரியாகும். யாழ்ப்பாணத்து நகரவாசிகள் சோலைவரியென அறிந்த வரியை ஒத்தது இது. நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு, மதிப்பின் ஒவ்வொரு நூறு டொலருக்கும் இத்தனை சதமென அறவிடப்படும். நிலம் ஓடி ஒளியாது. ஆகையால் அறவிடுதல் எளிது. ஆனால் நிலத்தின் மதிப்பு இடத்துக்கிடம் மலையும் மடுவுமாக வேறுபடும். ஒரு பிள்ளைக்கு ஐம்பதினாயிரம் டொலர் பெறுமதியான ஆதனம் உள்ள வட்டாரம் நூறு டொலருக்கு ஒரு டொலர் வரி விதித்தால் அப்பிள்ளைக்கு ஐந்நூறு டொலர் கிடைக்கும். ஐயாயிரம் டொலர் பெறுமதியே உள்ள வட்டாரம் அதே வீதத்தில் விதித்தால் ஐம்பது டொலரே கிடைக்கும். இரு வட்டாரத்தாரும் ஒரே தியாகத்தைச் செய்கின்றனர். பயனோ பத்துக்கு ஒன்று. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய இக்கணக்கை நாட்டின் நீதிமன்றங்கள் முழுதாகக் கணக்கிற் கொள்ள 1970ஆம் ஆண்டுகள் வரவேண்டியதாயிற்று. அங்ஙனம் கொள்ளச் செய்த ஊர்களுள் ஒன்று ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரின் ஒரு பகுதியாகிய எட்ஜ்வுட்.

ரெக்சாஸின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அறிவு மக்களிடையே பரவுதல் சுதந்திரத்தைக் காப்பதற்கு இன்றியமையாததென்று கூறித் திறமையான இலவசப் பொதுப்பாடசாலை முறையொன்றை நிறுவிப் பேணுவது சட்டமன்றத்தின் கடமையென விதித்தது. 'திறமையான' என்னும் அவ்வொரு சொல் நூறாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழுந்த வரலாறு மேலே கூறப்படும். 1883ஆம் ஆண்டுத் திருத்தம் ஊர்கள் பாடசாலை வரி விதிக்க வழி திறந்தது. 1949ஆம் ஆண்டிற் கில்மர்-ஐக்கின் சட்டங்கள் என வழங்கும் சட்டங்களால் அடிப்படைத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளம் முதலிய இன்றியமையாச் செலவில் நூற்றுக்கு எண்பதை மாநிலமும், எஞ்சிய இருபதை வட்டாரங்கள் தத்தம் வலிமைக்கேற்பவும் இறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அக்காலத்துக்கு அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் தன் பங்கை இறுத்தபின் மேலதிகமாக வரி திரட்டிச் செலவிட எந்த வட்டாரத்துக்கும் உரிமை இருந்தது. வேறுபாடெல்லாம் அவ்வாயிலூடாகவே நுழைந்தது.

1967-68ஆம் ஆண்டுக் கணக்கு நீதிமன்றப் பதிவுகளில் விரிவாகக் காணப்படுகின்றது. சான் அந்தோனியோ நகர்ப்பகுதியில் ஏழு பாடசாலை வட்டாரங்கள் இருந்தன. அவற்றுள் எட்ஜ்வுட்டில் 25 பாடசாலைகளில் ஏறக்குறைய 22,000 மாணவர் பயின்றனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிக்க வழியினர், ஆறு பேருக்குச் சற்று மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஒரு மாணவனுக்கு ஆதனப் பெறுமதி 5,960 டொலர்; நகர்ப்பகுதியில் மிகக் குறைந்தது அதுவே. அவ்வூரவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரிவீதமோ நூறு டொலருக்கு 1.05 டொலர், நகர்ப்பகுதியில் மிக உயர்ந்தது அதுவே. அடிப்படைத் திட்டத்துக்குரிய பங்கு போக இவ்வரியால் ஒரு மாணவனுக்கு எஞ்சியது 26 டொலர். திட்டத்தின் வழி வந்தது 222 டொலர். 1965ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வறிய பிள்ளைகட்கு வழங்கிய பணம் முதலாக மத்திய அரசாங்கத்தினின்று வந்தது 108 டொலர். எல்லாஞ் சேர்ந்து 356 டொலர்.

அதே நகர்ப்பகுதியிலுள்ள அலமோ ஹைற்ஸ் வட்டாரத்தில் ஆறு பாடசாலைகளில் 5,000 மாணவரளவிற் பயின்றனர், பெரும்பாலோர் வெள்ளையர். ஒரு மாணவனுக்கு ஆதனப் பெறுமதி 49,000 டொலருக்கு மேல். வரிவீதம் 85 சதம். அதனால் எஞ்சியது 333 டொலர். அடிப்படைத் திட்டம் தந்தது 225 டொலர். மத்திய அரசாங்கத்தின் 36 டொலருஞ் சேர மொத்தம் 594 டொலர். இவ்வெண்களுள் மிக விந்தையானது ஒன்றுண்டு. ஏழை வட்டாரத்தைக் கைதூக்கிவிடவென அமைந்த மாநிலத் திட்டத்தினின்று எட்ஜ்வுட் பெற்றது 222. அலமோ ஹைற்ஸ் பெற்றது 225. திட்டத்தின் பெருங்கூறு ஆசிரியர் சம்பளமாகும். கூடிய தகைமையும் அனுபவமும் உள்ள ஆசிரியர் எங்கே உளரோ அங்கே கூடிய பணஞ் சென்றது. அத்தகைய ஆசிரியர் எங்கே சென்றனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எட்ஜ்வுட்டின் ஆசிரியருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முழுத்தகுதியின்றித் தற்காலிக அனுமதியோடு கற்பித்தவர்; அலமோ ஹைற்ஸில் அத்தகையோர் பத்திலொருவரளவினர்.

இரு வட்டாரங்களும் வீடுகள் நிறைந்தனவே. எட்ஜ்வுட்டிற் பெருந்தொழிற்சாலையோ பெருங்கடைத்தெருவோ இல்லை. அலமோ ஹைற்ஸும் தொழிற்சாலையாற் செழித்ததன்று. வேறுபாடு வீடுகளின் விலையில் இருந்தது. விலை வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் காணியுறுதிகளிலேயே இன்ன இனத்தார்க்கு இக்காணியை விற்றலாகாது என எழுதி வைத்தனர். அவ்வுறுதிமொழிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென 1948இல் உயர் நீதிமன்றந் தீர்ப்பளித்ததாயினும், அதற்குள் யார் எங்கே வாழ்வர் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. அவ்வாறு முடிவான குடியிருப்பின் மேலே பாடசாலை வட்டாரத்தின் எல்லைக்கோடு வரையப்பட்டது. கோட்டின் மேலே வரி விதிக்கப்பட்டது.

1968ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி எட்ஜ்வுட் உயர்நிலைப் பாடசாலை மாணவர் நானூறு பேரளவில் வகுப்புகளை விட்டு வெளியேறி ஊர்வலமாகச் சென்றனர். கட்டடச் சீர்கேடும் தகுதியுள்ள ஆசிரியரின்மையும் அவர்தம் முறைப்பாடுகள். பிள்ளைகளின் செயலைக் கண்ட பெற்றோர் கூடி ஆராய்ந்தபோது, வட்டார அதிகாரிகளைக் குறைகூறுவதே முதலில் அவர்கள் எண்ணமாயிருந்தது. பணம் எங்கே போயிற்று என்று கேட்கப் புகுந்தவர்கள், பணம் வரவேயில்லை என்பதைக் கண்டனர். அவ்விடத்திலேதான் ஒரு சாதாரண ஊர்ப் பிணக்கு நாட்டின் அரசியலமைப்புப் பற்றிய வழக்காக மாறிற்று. சட்டத்தரணி ஆதர் கொச்மன் வழக்கை எடுத்து நடத்தினார். விமானப்படைத் தளமொன்றில் உலோகத் தகட்டு வேலை செய்தவரும் முன்னாட் போர்வீரருமாகிய டெமெற்றியோ ரொட்ரிகெஸ் என்பார் வழக்காளிகளுள் முதல்வரானார். அவருடைய பிள்ளைகள் எட்ஜ்வுட்டின் பாடசாலையிற் பயின்றனர்.

1968 கோடையில் தொடுக்கப்பட்ட இவ்வழக்கில் முதற்கண் ஏழு வட்டாரங்களும் எதிராளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன. பின்னர் அவை விடுவிக்கப்பட்டன. சான் அந்தோனியோ வட்டாரமோ விடுபட்டதோடமையாது வழக்காளிகளின் பக்கமே சேர்ந்து அவர்கட்கு ஆதரவாக உயர் நீதிமன்றத்தில் எழுத்துரையுஞ் சமர்ப்பித்தது. ஆயினும் வழக்கின் பெயர் 'சான் அந்தோனியோ வட்டாரம் எதிர் ரொட்ரிகெஸ்' என்றே நிலைத்துவிட்டது. சட்டநூல்களை மேலோட்டமாகப் புரட்டுவோர் அவ்வட்டாரத்தை இன்றும் ஏழைப் பிள்ளைகளின் பகையென எண்ணிக்கொள்வர்.

1971 திசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் ரெக்சாஸின் முறை சமபாதுகாப்பு என்னும் அரசியலமைப்பு விதிக்கு மாறானதென ஒருமனதாகத் தீர்த்தது. அவ்வாண்டின் ஆகத்து மாதத்திலே கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றமும் செரானோ என்பாரின் வழக்கில் இதையொத்த முடிவுக்கு வந்திருந்தமையால், நாடெங்கும் ஆதனவரிக் கல்வியின் காலம் முடிந்ததெனப் பலர் நம்பினர். மாநிலம் மேன்முறையீடு செய்தது. 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிற் கீழ்மன்றத் தீர்ப்பை மாற்றியது.

பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் லூயிஸ் பவல். அவர் வேர்ஜினியாவின் றிச்மண்ட் நகரப் பாடசாலைச் சபைக்குப் பல்லாண்டு தலைவராயிருந்தவர். ஊர்ச்சபையின் உழைப்பை உள்ளிருந்து அறிந்தவர். அவ்வனுபவத்தின் சாயல் தீர்ப்பில் தெளிவாகக் காணப்படுகின்றது. கல்வி மிகச் சிறந்த பொருளேயாயினும் அஃது அரசியலமைப்பிற் கூறப்பட்ட உரிமையன்று என்றார். வறிய மக்கள் வறிய வட்டாரத்திலேதான் வாழ்கின்றனர் என்பது நிறுவப்படவில்லை. தொழிற்சாலைகளின் அருகே வாழும் ஏழைகள் செல்வமுள்ள வட்டாரத்திலும் இருக்கக்கூடும் என்றார். பணம் கூடினாற் கல்வி சிறக்குமா என்பது அறிஞரிடையே முடிவாகாத வினா என்றார். ஜேம்ஸ் கோல்மனின் 1966ஆம் ஆண்டறிக்கை, பாடசாலையின் வசதிகளிலும் பார்க்கக் குடும்பப் பின்னணியே மாணவர் தேர்ச்சியை மிகுதியும் நிர்ணயிக்கின்றதெனக் கூறியிருந்த காலம் அது. இவை யாவற்றுக்கும் மேலாக அவர் நிறுத்திய காரணம் ஊரவரின் சுயவாட்சி. தம் பிள்ளைகளின் கல்விக்கு எவ்வளவு செலவிடலாம், எவ்வாறு செலவிடலாம் என்பதை ஊரவரே தீர்மானிக்கும் உரிமையைக் காப்பது மாநிலத்தின் நியாயமான நோக்கம். அந்நோக்கத்துக்கு இம்முறை பொருந்தும். வரிமுறையிற் சீர்திருத்தம் வேண்டுமாயின் அதனைச் செய்ய வேண்டியவர் சட்டமன்றத்தினர் என்பது அவர் முடிபு.

மாறுபட்ட நால்வருள் நீதியரசர் பைரன் வைற் எழுதியது சுருக்கமானது. ஆனால் இவ்விடயத்தில் அதனிலும் கூரிய எழுத்து இல்லையெனலாம். ஊரவர் தீர்மானிக்கும் உரிமையென்பது எட்ஜ்வுட்டுக்கு உண்மையில் உளதா என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நகர்ப்பகுதியின் மிகக் கூடிய வருவாயை எட்டுவதற்கு அலமோ ஹைற்ஸ் நூறு டொலருக்கு 68 சதம் விதித்தாற் போதும். எட்ஜ்வுட் 5.76 டொலர் விதிக்க வேண்டும். சட்டமோ 1.50 டொலருக்கு மேல் விதித்தலாகாதெனத் தடுக்கின்றது. எனவே மாநிலம் ஒரு கையால் உரிமையைக் கொடுத்து மறுகையால் அதனைப் பயன்படுத்த இயலாதவாறு செய்துள்ளது. மற்றொருவராகிய தேர்குட் மார்ஷல், 1954ஆம் ஆண்டிற் பாடசாலைகளில் இனப்பிரிவினையை ஒழித்த பிறவுன் வழக்கை வழக்கறிஞராக நின்று வென்றவர். அவர் நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்பெழுதி, வட்டாரத்தின் வரிச்செல்வத்தைப் பிள்ளையின் கல்விக்கு அளவுகோலாக்கல் ஆகாதென வாதித்தார்.

பவலின் தீர்ப்பை வெறும் பாராமுகமெனத் தள்ளுதல் நேர்மையாகாது. ஐம்பது மாநிலங்களின் வரிமுறையைத் தலைநகரத்து நீதிமன்றம் ஒரே நாளிற் கலைத்தற்கு அஞ்சியமை விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆயினும் சுயவாட்சியைக் காரணமாகக் காட்டியவர், அச்சுயவாட்சி யாருக்கு வாய்த்தது என்ற வினாவுக்கு விடை தரவில்லை. அடுத்த ஆண்டு, 1974இல், டெட்ரோயிற் நகரின் இனப்பிரிவினையைப் போக்கச் சுற்றுப்புற வட்டாரங்களையுஞ் சேர்த்தலாகாதென அதே ஐந்து நீதியரசரும் தீர்த்தனர். வட்டாரத்தின் எல்லைக்கோடு இங்ஙனம் பணமும் தாண்டாத, பிள்ளையும் தாண்டாத மதிலாயிற்று.

மத்தியில் அடைபட்ட கதவு மாநிலங்களில் திறந்தது. ரொட்ரிகெஸ் தீர்ப்பு வெளியாகி இரு கிழமை கழியுமுன், 1973 ஏப்பிரல் 3ஆந் திகதி, நியூ ஜேர்சியின் உயர் நீதிமன்றம் தன் மாநில அரசியலமைப்பின் கல்வி வாசகத்தைக் கொண்டே அம்மாநிலத்து நிதிமுறையைச் செல்லாதெனத் தீர்த்தது. ஏனைய மாநிலங்களின் சட்டத்தரணிகளும் அவ்வழியிற் சென்றனர். ரெக்சாஸிலும் உறங்கிக் கிடந்த 'திறமையான' என்ற சொல் இப்பொழுதே விழித்தது. 1984இல் எட்ஜ்வுட் வட்டாரமே வழக்காளியாய் முன்னின்று, மாநிலக் கல்வி ஆணையாளராகிய கேர்பி என்பாரின் பெயரால் வழக்குத் தொடுத்தது. 1989 ஒற்றோபர் 2ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமனதாக எட்ஜ்வுட்டின் பக்கந் தீர்த்தனர்.

அத்தீர்ப்பிற் கண்ட எண்கள், இருபது ஆண்டுகளில் நிலைமை எவ்வளவு மாறியது என்பதைக் காட்டுவன. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவனுக்கு ஆதனப் பெறுமதி 38,854 டொலர். அலமோ ஹைற்ஸில் 570,109 டொலர். முன்னர் எட்டு மடங்காயிருந்த வேறுபாடு பதினான்கு மடங்குக்கு மேலாகிவிட்டது. மாநிலம் முழுவதையும் நோக்கின், மிகச் செல்வமுள்ள வட்டாரத்துக்கும் மிக வறிய வட்டாரத்துக்கும் எழுநூறு மடங்கு வேறுபாடு. மிக வறிய நூறு வட்டாரங்கள் சராசரி 74.5 சதம் வரி விதித்து மாணவனுக்கு 2,978 டொலர் செலவிட்டன. மிகச் செல்வமுள்ள நூறு வட்டாரங்கள் 47 சதம் விதித்து 7,233 டொலர் செலவிட்டன. ஒத்த வரிமுயற்சிக்கு ஏறக்குறைய ஒத்த வருவாய் கிடைத்தல் வேண்டும் என்பது அந்நீதிமன்றம் வகுத்த விதி. பதினாறு ஆண்டுகட்கு முன் வைற் போட்ட கணக்கே வேறொரு வாயிலால் வந்து சட்டமாயிற்று.

தீர்ப்புப் பெறுதல் எளிது, திருத்தம் பெறுதல் அரிதென்பதை அடுத்து வந்த ஆண்டுகள் உணர்த்தின. சட்டமன்றம் வகுத்த முதலாந் திட்டத்தை நீதிமன்றம் 1991இலும், கவுண்டி தோறும் செல்வத்தைப் பொதுவாக்கிய இரண்டாந் திட்டத்தை 1992இலும் செல்லாதெனத் தள்ளிற்று. அரசியலமைப்பையே திருத்திவிடலாமென்ற முயற்சியை 1993 மே மாதத்தில் வாக்காளர் தோற்கடித்தனர். பாடசாலைகளை மூடவேண்டி வருமோ என்ற அச்சத்தினிடையே அம்மாதமே மற்றொரு சட்டம் நிறைவேறியது. ஒரு மாணவனுக்கு ஆதனப் பெறுமதி 280,000 டொலருக்கு மேற்பட்ட வட்டாரங்கள், மேற்பட்ட செல்வத்தை ஐந்து வழிகளுள் ஒன்றால் ஏனையோர்க்குப் பயன்படச் செய்தல் வேண்டும் என்பது அதன் விதி. செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ஆங்கிலக் கதைக் கள்வன் றொபின் ஹூட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். 1995 சனவரியில் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது.

இச்சட்டத்தின் பின் வறிய வட்டாரங்கட்கும் செல்வ வட்டாரங்கட்குமிடையேயிருந்த பிளவு பெரிதுங் குறைந்தது. குறையாதிருந்தது மனத்தாங்கல். தம் ஊர்ப்பணம் ஊரைவிட்டுச் செல்கின்றதென்ற முறைப்பாடு அலமோ ஹைற்ஸ் போன்ற வட்டாரங்களில் இன்றும் உண்டு. அதனை முற்றும் பொய்யெனக் கூறுதற்குமில்லை. ஏனெனிற் காணியின் விலையைக்கொண்டு ஊரின் செல்வத்தை அளக்கும் முறை எப்பொழுதும் உண்மையைக் காட்டுவதில்லை. மாநிலத்தின் மிகப் பெரிய வட்டாரமாகிய ஹியூஸ்ரனில் மாணவருட் பெரும்பாலோர் வறிய குடும்பத்தினர். ஆயினும் நகரத்து வானளாவிய கட்டடங்களின் மதிப்பால் அவ்வட்டாரம் சட்டத்தின் கண்ணிற் செல்வமுடையதாய்ப் பிறர்க்கு ஈய வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில் வாக்காளர் பணஞ் செலுத்த மறுத்தனர். மறுத்தால் வட்டாரத்தின் விலையுயர்ந்த ஆதனங்களே பிரித்தெடுக்கப்படுமென்று கண்டபின் 2017 மே மாதத்திற் சம்மதித்தனர்.

பணம் வந்தது, கல்வி சிறந்ததா என்ற பவலின் வினா எஞ்சியுள்ளது. 1990 முதல் ரெக்சாஸ் மாணவரை ஆண்டுதோறும் பொதுப்பரீட்சைகளால் அளந்து, அவற்றின் பேறுகளைக்கொண்டு வட்டாரங்களைத் தரப்படுத்தி வந்துள்ளது. 2002ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கமும் அம்முறையை நாடு முழுவதற்குஞ் சட்டமாக்கியது. பரீட்சைப் பெறுபேறு வட்டாரத்தின் வறுமையை ஓரளவு நிழல்போலத் தொடர்வதை எவரும் மறுக்கவில்லை. ஆனாற் பரீட்சைப் புள்ளியைவிட நீண்ட கண்கொண்டு நோக்கிய ஆராய்ச்சியும் உண்டு. ஜக்சன், ஜோன்சன், பேர்சிக்கோ என்னும் பொருளியலறிஞர் மூவர், நீதிமன்றத் தீர்ப்புகளாற் பாடசாலைப் பணம் கூடிய ஊர்களின் பிள்ளைகள் வளர்ந்தபின் எவ்வாறு வாழ்ந்தனர் என ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்காலம் முழுவதும் செலவு நூற்றுக்குப் பத்துக் கூடுமாயின், வளர்ந்தபின் ஊதியம் நூற்றுக்கு ஏழளவு கூடுமெனவும், வறிய குடும்பத்துப் பிள்ளைகளில் அப்பயன் இன்னும் மிகுதியெனவுங் கண்டனர். 1973இல் முடிவாகாதென விடப்பட்ட வினாவுக்கு நாற்பது ஆண்டு கழித்து வந்த விடையாகும் இது. அன்று எட்ஜ்வுட்டிலிருந்து ஊர்வலஞ் சென்ற மாணவர் அதற்குள் அறுபதைக் கடந்திருந்தனர்.

எட்ஜ்வுட்டின் பிற்கால வரலாறு ஒரே சீரானதன்று. 1998இல் ஒரு தனியார் அமைப்பு பத்தாண்டுகளில் 50 மில்லியன் டொலர் வரை செலவிட முன்வந்து, அவ்வட்டாரத்து வறிய பிள்ளைகள் தனியார் பாடசாலைகளிற் சேர்வதற்குப் பணவுதவி வழங்கியது. நாட்டின் மிக அறியப்பட்ட ஏழை வட்டாரம் என்ற பெயரே அதனைத் தெரிந்தெடுக்கக் காரணமாயிற்று. வெளியேறிய ஒவ்வொரு பிள்ளையோடும் மாநிலத்தின் தலைக்கொடையும் வெளியேறியது. பிற்காலத்தில் ஏனைய புதுவகைப் பாடசாலைகளும் பெருகவே, ஒருகாலத்தில் 22,000 மாணவரைக் கொண்டிருந்த வட்டாரத்தில் இன்று பதினாயிரத்துக்குங் குறைந்தோரே பயில்கின்றனர். மாணவர் குறையினும் கூரையும் சுவரும் குறைவதில்லை. பராமரிப்புச் செலவு முன்போலவே நிற்கும். பாடசாலைகளை இணைப்பதும் மூடுவதுமே சபையின் கடினமான அலுவலாயின.

டெமெற்றியோ ரொட்ரிகெஸ் 2013ஆம் ஆண்டில் எண்பத்தேழாவது வயதிற் காலமானார். 2016 மே மாதத்தில் ரெக்சாஸ் உயர் நீதிமன்றம், குறைகள் பலவுளவெனினும் மாநிலத்தின் நிதிமுறை அரசியலமைப்பின் இழிவெல்லைக்குட்பட்டதன்று என்று கூறி, அறுநூற்றுக்கு மேற்பட்ட வட்டாரங்கள் தொடுத்த வழக்கைத் தள்ளியது. அவ்வாண்டிலேயே எட்ஜ்வுட்டிற் பாடசாலைச் சபை தன் கடமையைச் செவ்வனே ஆற்றவில்லையெனக் காரணங்காட்டி, மாநிலக் கல்வி ஆணையாளர் ஊரவர் தெரிந்தெடுத்த உறுப்பினரை விலக்கித் தாம் நியமித்த முகாமையாளர் சபையொன்றை அவர்களிடத்தில் அமர்த்தினார். தெரிந்தெடுக்கப்பட்ட சபை சில ஆண்டுகள் சென்ற பின்னரே மீண்டது.